அப்பா ஊருக்குச் சொன்ன டொக்டர்

1

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. காரணம், செத்துப் பல காலமாகிவிட்ட ஓர் ஆங்கில எழுத்தாளர்.

என் மகள் சுமதிக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பழைய நாவலைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பையன் வருகிறான். தாய் தகப்பன் இல்லை, மாமன் வீட்டில் வளர்கிறான். சின்ன வயதில் ஒரு சாவீட்டில் வேத வசனங்களைப் பார்க்காமல் ஒப்புவித்துவிட்டான். அவ்வளவுதான், அன்றைக்கே ஊர் முழுக்க அவனைப் 'பாதிரியார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவனுக்கோ குதிரைகள் மேல்தான் ஆசை. "மற்றவர்களின் எதிர்பார்ப்புகள் இந்த இளைஞனை எவ்வாறு உருவாக்குகின்றன?" என்று ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம்.

நான் அடுத்த நாள் வேலைக்குப் போட வேண்டிய சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் கட்டுரையின் முதல் வரியைப் பெருமையாக வாசித்துக் காட்டினாள். தமிழில் சொன்னால் இப்படி: 'அவனை நேசித்தவர்கள் எல்லோரும் திருடர்கள்.'

எனக்கு வந்ததே கோபம்! இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"யாரடி திருடர்கள்?"

"எல்லாரும்தான் மம்மி. அவனுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கேல்லை. அவன்ட லைஃபை எடுத்திட்டாங்க."

அவளுடைய தமிழ் அப்படித்தான். பாதி என்னுடைய மாத்தளை, பாதி அவள் அப்பாவின் யாழ்ப்பாணம், மிச்சம் இந்த இங்கிலாந்துச் சரக்கு. என் வீட்டுக்காரர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "முதல் வசனம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கென்ன, பக்கத்தில் இருந்து கேட்கிறவருக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணீராகும் வரை வாதாடினோம். கடைசியில் அவள் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, "அப்ப நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஒரு வார்டையே கட்டி மேய்க்கிறவள் நான். எனக்கே கட்டளை! சரி, எழுதுகிறேன். ஆனால் அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அந்தப் பையனைப் போல வளர்ந்தவர்கள், மற்றப் பாதிப் பேர் அந்த மாமனைப் போல யாரையாவது வளர்த்துக்கொண்டிருப்பவர்கள். உங்களுக்கு விளங்கும்.

2

நான் பிறந்து வளர்ந்தது மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில். அப்பா வடக்கிலிருந்து மாத்தளை அரசாங்கக் கச்சேரிக்குக் கிளாக்கராக மாற்றலாகி வந்தவர். கதிரவேலு என்று பெயர். வெள்ளைக் காற்சட்டை, கறுத்தக் குடை, சைக்கிள். அந்தச் சைக்கிள் மணியை அநாவசியமாக ஒரு தடவைகூட அடிக்கமாட்டார். வீட்டுக்குள் யாழ்ப்பாணம், படலையைத் தாண்டினால் மாத்தளை. வெளியில் நான் "வாங்க, போறேன்" என்பேன். உள்ளே காலை வைத்ததும் "வாங்கோ, போறன்" என்று மாற வேண்டும். மறந்துவிட்டால் அப்பாவின் புருவம் மேலே ஏறும்.

எங்கள் ஆட்களிடம் பல்லுக்கொழுக்கட்டை என்று ஒரு சடங்கு இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தைக்கு முதல் பல் தெரிந்ததும் சின்னச் சின்னக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து, தலையில் வெள்ளைத் துணியைப் போட்டுக் கொழுக்கட்டையை மேலே கொட்டுவார்கள். பிறகு அதன் முன்னால் ஒரு தட்டம் வைப்பார்கள். ஏடு, பேனா, சங்கிலி, நெல், கத்தி என்று பல சாமான்கள் அதில் இருக்கும். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம்.

நான் கத்தியை எடுத்தேனாம்.

பெரியம்மா, "ஐயோ, இது வளந்து ஆரைக் குத்தப் போகுதோ!" என்று நெஞ்சில் கை வைத்தாவாம். அப்பா அவரைப் பார்த்து, "உனக்கென்ன விசரே? கத்தியெண்டால் சத்திரசிகிச்சை. பிள்ளை டொக்டர்!" என்றாராம். அன்றைக்கே பக்கத்து வீடுகளுக்குக் கொழுக்கட்டையோடு அந்தச் செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பிறகென்ன, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் 'டொக்டர் பிள்ளை'. தெருவில் ரொட்டி விற்கிற பாண்காரர் அப்படித்தான் கூப்பிடுவார், பள்ளிக்கூடத்து வாசலில் கடலை விற்கிறவரும் அப்படித்தான். ஊர் என்னை அப்படிக் கூப்பிடுவதை நான் வெறுத்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். எனக்கு அது பிடித்திருந்தது. நிமிர்ந்து நடப்பேன்.

பக்கத்து முஸ்லிம் வீட்டில் சபியா ராத்தா இருந்தார்; அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். அவருடைய கணவர் தெருவோரத்தில் மிளகு, கராம்பு, கொக்கோ வாங்கி விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ராத்தாவின் கணுக்காலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. ஒருநாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"டொக்டர் புள்ள, இங்க வாங்க. இந்தக் காலக் கொஞ்சம் பாருங்க மகள். நோவு தாங்க ஏலா."

விளையாட்டுக்குத்தான் கூப்பிட்டாரோ என்னவோ. நான் விளையாட்டாக எடுக்கவில்லை. சுடுதண்ணீர் கேட்டேன், உப்புக் கேட்டேன், வெள்ளைச் சாரத்துண்டு கேட்டேன். அந்தப் புண்ணின் மணம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம். ராத்தாவின் சொந்த மகள் நஸீமா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் ஓடவில்லை. அன்றிலிருந்து பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராத்தாவின் கால்தான் எனக்கு முதல் வேலை. புண் மெல்ல மெல்ல ஆறியது. பிறகு தெருவில் யாருக்குக் கொப்புளம், யாருக்கு நகச்சுற்று என்றாலும் "கிளாக்கர் ஐயாட மகள்கிட்டக் காட்டுங்க" என்று ஆனது.

ஆனால் கண்டியில் உயர்வகுப்புக்குப் போய், தவளையின் வயிற்றைக் கீறச் சொன்னபோதுதான் கூத்து. கீறினேன். கீறி முடித்ததும் டீச்சரிடம், "இதத் தைச்சு விடலாமா டீச்சர்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "பிள்ளை, உனக்கு இந்தப் பாடம் சரிவராது" என்றார். அவர் சொன்னது சரி. பல்கலைக்கழகச் சோதனையில் கோட்டை விட்டேன். 'செக்கன்ட் ஷை' என்று சொல்வோமே, அந்த இரண்டாம் தடவையும் கோட்டை விட்டேன். அப்பா மூன்றாம் தடவைக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். அவற்றுக்குத் தன் கையாலேயே பழுப்புத்தாளில் உறை போட்டிருந்தார்.

3

இங்கே என் நாள் இருட்டோடு தொடங்கும். குளிர்காலத்தில் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, பனியில் வழுக்கி விழாமல் பஸ்ஸைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து தொப்பியைக் குத்தினால், பிறகு நான்தான் ராணி. ஒவ்வொரு கட்டிலாகப் போவேன். இந்த ஊர் நோயாளிகள் தனி ரகம். சாகக் கிடக்கிறவரும், "அவ்வளவு மோசமில்லை சிஸ்டர், தேநீர் கிடைக்குமா?" என்பார். எங்கள் ஊரில் மூக்கொழுகித் தடிமன் பிடித்தவரே "நான் முடிஞ்சன்" என்று சொல்லிக்கொண்டு படுப்பார். முதல் வருடம் இது தெரியாமல், "அவ்வளவு மோசமில்லை" என்ற ஒரு கிழவரை நம்பி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மேட்ரன் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

பெயர் இன்னொரு கதை. வந்த புதிதில் அதிகாரி குடும்பப் பெயர் கேட்டார். அப்படி ஒன்றும் எங்களிடம் இல்லை, அப்பாவின் பெயர்தான் இருக்கிறது என்றேன். அவர் அதை எழுதிவிட்டார். புவனேஸ்வரி என்ற என் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கிப்போய், அப்பாவின் பெயர் என் நெஞ்சில் தகடாகக் குத்தப்பட்டது. கலியாணத்துக்குப் பிறகு மாற்றலாமென்று போனால், என் வீட்டுக்காரரின் பெயர் பாலசுப்பிரமணியம். மேட்ரன் அதை ஒரு தடவை வாசிக்க முயன்றுவிட்டு, "நீங்கள் பழைய பெயரோடேயே இருந்துவிடலாம்" என்றார். ஆகவே எங்கள் வார்டில் விடிந்ததிலிருந்து எல்லோரும் என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

எப்போதாவது ஒரு புது நோயாளி என்னை டொக்டர் என்பார். உடனே திருத்துவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. டொக்டர் காலையில் ஒரு தடவை வந்து போகிறவர். ராத்திரி வியர்த்து நனைந்த சட்டையை மாற்றுவது யார், பயந்துபோன கையைப் பிடிப்பது யார்? என் வேலையை இந்த உலகத்தில் வேறு எந்த வேலைக்கும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

4

அந்த மூன்றாம் தடவைப் புத்தகங்களுக்கு வருகிறேன்.

என்னோடு படித்த ஒருத்தி இங்கிலாந்துக்கு நேர்ஸ் பயிற்சிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். சொன்ன மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் என்று. ஒரு சனிக்கிழமை காலை அப்பா பத்திரிகையும் கையுமாக இருந்தபோது போய் நின்றேன்.

"அப்பா, நான் நேர்ஸுக்குப் போறன்."

அவர் பத்திரிகையை மடித்தார். "என்ன கதை கதைக்கிறாய்? நாலு பேற்றை மூத்திரம் தூக்கிற வேலைக்கோ உன்னை வளத்தனான்?"

"எனக்கு அந்த வேலைதான் பிடிச்சிருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? எட்டு மாசத்திலை கத்தி எடுத்தவள் நீ! ஊரெல்லாம் டொக்டர் எண்டு சொல்லுது. நான் கச்சேரியிலை எந்த முகத்தோடை நிக்கிறது?"

அம்மா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. துருவுகிற சத்தம் நின்றது. கையில் பாதித் தேங்காயோடு வாசலில் வந்து நின்றார்.

"அவள் கத்தி எடுக்கேல்லை" என்றார்.

"என்ன?"

"அவள் கத்தி எடுக்கேல்லையப்பா. கொழுக்கட்டை ஒண்டு உருண்டுபோய்த் தட்டத்துக்கை கிடந்தது. அதுக்குத்தான் கையை நீட்டினவள். நீங்கள்தான் கத்தியைத் தூக்கிக் கையுக்கை வைச்சுப் பொத்திப் பிடிச்சனீங்கள். பிள்ளை வீரிட்டுக் கத்தினது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இருபது வயது வரை ஊரே என்னைத் தூக்கிச் சுமந்தது ஒரு கொழுக்கட்டைக்காகவா! சைக்கிளை எடுத்துக்கொண்டு போன அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை. மறிக்கவும் இல்லை. பாஸ்போட்டுக்கு அலைந்தார், கொழும்புக்கு வந்தார், ஒரு தோல் சூட்கேசைத் தானே பேரம் பேசி வாங்கினார். புறப்படுகிற அன்று மாத்தளை ஸ்டேஷனுக்குப் பாதித் தெரு வந்திருந்தது. நான் பெட்டிக்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே நின்ற சபியா ராத்தாவின் கணவர் அப்பாவிடம், "மகள் என்ன படிப்புக்குப் போறாங்க ஐயா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அப்பா குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "டொக்டர் படிப்புக்கு. லண்டனிலை" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டது.

5

சண்டைக்குப் பிறகு அந்த நாவலை எடுத்து நானும் வாசித்தேன். பஸ்ஸில் போகும்போது, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு. நல்ல நாவல்தான். சும்மா சொல்லக்கூடாது, பையனின் மனதை அந்த ஆள் புட்டுப்புட்டு வைத்திருக்கிறார். ஊரார் 'பாதிரியார்' என்று கூப்பிடும்போதெல்லாம் அவன் தோளைக் குறுக்குவது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து 'நீ யார்' என்று கேட்பது, எல்லாம் அச்சொட்டு. கடைசியில் ஒரு விடிகாலையில் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறான். கதை அவனோடேயே போய்விடுகிறது.

எனக்கு அங்கேதான் எழுத்தாளரோடு வழக்கு. அந்த மாமன் என்ன ஆனான்? பையன் ஓடிப்போன மறுநாள் சந்தைக்குப் போயிருப்பானே, எங்கே உன் பாதிரியார் என்று ஆட்கள் கேட்டிருப்பார்களே, அவன் என்ன சொன்னான்? ஒரு வரிகூட இல்லை. நம்மிடம் எதிர்பார்த்தவர்கள், நாம் போனதும் கதையிலிருந்து கழன்று விழுந்துவிடுகிறார்கள். நிஜத்தில் அவர்கள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். பாண் வாங்கப் போகிறார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறார்கள்.

இன்னொன்று. சுமதி எழுதியதுபோல என்னிடமிருந்து ஒருவரும் ஒன்றையும் திருடவில்லை. அந்தத் தெரு என்னை டொக்டர் என்று நம்பியதால்தான் சபியா ராத்தாவின் கால் என் கைக்கு வந்தது. அந்தக் கால் வந்திராவிட்டால் எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரிந்திருக்காது. அவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, அதனால் நான் ஆனது இன்னொன்று. ஆனாலும் அது அவர்கள் தந்ததுதான். இதை அவளிடம் சொன்னேன். "மம்மி, நீங்க லக்கி, அவ்வளவுதான்" என்றாள். அதிர்ஷ்டமாம்! சோதனையில் இரண்டு தடவை விழுந்தவளுக்கு.

ஆனால் அவள் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எதிர்பார்ப்பு சும்மா கிடக்காது. அதற்கு யாராவது விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

6

நான்கு வருடங்களுக்கு முன், இங்கே வந்த பிறகு முதன்முறையாக ஊருக்குப் போனேன். சுமதியையும் கூட்டிக்கொண்டு போனேன். பாணுக்கும் மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம் அது. நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை முற்றத்தில் சலசலப்புக் கேட்டு எழும்பிப் பார்த்தேன். எங்கள் வாசலிலும் ஒரு வரிசை.

விறாந்தையில் அப்பா மேசை போட்டிருந்தார். வெள்ளை விரிப்பு, டெட்டோல் விட்ட தண்ணீரோடு ஒரு பேசின், பக்கத்தில் மடித்த புதுத் துவாய், எதிரும் புதிருமாக இரண்டு கதிரைகள். பென்ஷன் எடுத்துவிட்ட மனிதர், கச்சேரிக்குப் புறப்படுகிறவர்போலச் சட்டையை மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்னப்பா இது?"

"சனம் உன்னைப் பாக்க வந்திருக்குது."

"பாக்கவோ, மருந்து எடுக்கவோ?"

துவாயை இன்னொரு தடவை மடித்தார்.

"அப்பா, நான் நேர்ஸ்."

"எனக்குத் தெரியாதே? மெல்லமாய்க் கதை." அவருடைய குரல் இறங்கியது. "இருமலுக்கும் தடிமனுக்கும் உனக்கு மருந்து தெரியாதோ? நீ நிக்கப்போறது ஒரு கிழமைதானே, பிள்ளை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சட்டைக் கொலருக்குள் அவருடைய கழுத்து எவ்வளவு மெலிந்து போயிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். என் அப்பா என்னிடம் ஒன்றை வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. போய் உட்கார்ந்தேன்.

ஒருவர் பிரஷருக்கு விழுங்கும் குளிசையைக் காட்டினார். ஒரு பெண் கை விறைக்கிறது என்றாள். கேட்டேன், நாடி பார்த்தேன், டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னேன். ஒவ்வொருவரும் "டொக்டரம்மா" என்று எழும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்பா பின்னால் நின்றார். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது.

பிறகு சபியா ராத்தாவும் நஸீமாவும் வந்தார்கள். நஸீமா வில்கமுவப் பக்கம் நெல் வாங்கி விற்கிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். விடியக்காலை பஸ் வராமல், உழவு மெஷினில் ஏறிப் பெரிய ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். தோளில் அவளுடைய மகன். ஆறேழு வயது இருக்கும். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தான். உடம்பு கொதித்தது.

"வகுத்து நோவு டொக்டர் புள்ள. மொதல்ல தொப்புளுக்கிட்ட நோகுதுண்டான். இப்ப இங்க" என்று வலது பக்கம் அடிவயிற்றைக் காட்டினாள்.

மெல்லக் கையை வைத்தேன். பலகைபோல இருந்தது. அழுத்திவிட்டுக் கையை எடுத்தபோது அவன் போட்ட சத்தத்தில் முற்றமே திரும்பிப் பார்த்தது. இதை நான் வார்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"நஸீமா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"ஏலா!" அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "அங்க போனா வெட்டுவாங்க. அவர்ட தம்பிய அப்படித்தான் கொண்டு போனாங்க, மையத்தாத்தான் வந்தாரு. நீங்க வாரீங்கண்டு உம்மா சொல்லி அனுப்பினாங்க. அதுக்காகத்தானே ரெண்டு நாளா வச்சிக்கிட்டு ஈந்தேன். நீங்க ஒரு ஊசி போடுங்க. லண்டன் மருந்து ஈக்கும்தானே?"

இரண்டு நாள்! நான் வருவேன் என்று இரண்டு நாள் இந்தப் பிள்ளை நோவில் கிடந்திருக்கிறான். ஸ்டேஷனில் குடையைக் கை மாற்றிக்கொண்டு அப்பா சொன்ன ஒரு சொல், இத்தனை வருடம் கழித்து ஒரு பிள்ளையின் வயிற்றில் வந்து நிற்கிறது.

"ராத்தா, நீங்களாவது சொல்லுங்க" என்றேன்.

"நீங்க ஈக்கக்குள்ள என்னத்துக்கு மகள் ஆஸ்பத்திரி?" என்றார் ராத்தா. "எண்ட காலச் சொகமாக்கினது நீங்கதானே."

நான் டொக்டராக இருக்கும் வரை அந்தப் பிள்ளை அங்கிருந்து நகரமாட்டான் என்று தெரிந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். துவாய் கையில் சுருண்டிருந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நஸீமா, என்னப் பாருங்க" என்றேன். முற்றத்துக்கே கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொன்னேன். "நான் டொக்டர் இல்ல. லண்டன்ல நான் டொக்டருக்குப் படிக்கவே இல்ல. நான் நேர்ஸ். இந்தப் பிள்ளைக்கு இப்ப டொக்டர்தான் வேணும். இது ஊசியில தீராது, ஒப்பரேஷன் செய்யணும். நானும் வாறேன். கண் முழிக்கிற வரைக்கும் பக்கத்தில இருப்பேன்."

நஸீமா வாயைப் பிளந்தபடி நின்றாள். சபியா ராத்தா மெல்லத் திரும்பி, "கிளாக்கர் ஐயா, நீங்கதானே..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அப்பா படியிறங்கினார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். படலையைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனார். போய்விட்டார், இனி என் முகத்தில் முழிக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெளியில் பிரேக் அடிக்கிற சத்தமும் ஒரு லொறி டிரைவர் சிங்களத்தில் ஏசுகிற சத்தமும் கேட்டன. ஓடிப்போய்ப் பார்த்தேன். தம்புள்ளைப் பக்கமிருந்து வெங்காயம் ஏற்றி வந்த லொறிக்கு முன்னால், நடுரோட்டில், வெறுங்காலோடு, துவாயை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டிக்கொண்டு அப்பா நின்றார். அநாவசியமாகச் சைக்கிள் மணி அடிக்காத மனிதர்! டிரைவரிடம் கெஞ்சினார். முன்கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு பிள்ளை, கெதியா ஏறு" என்றார். நஸீமா பிள்ளையோடு எனக்குப் பின்னால் ஏறினாள்.

அன்று மத்தியானமே ஒப்பரேஷன் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். பையன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். கொடுக்கக்கூடாது. நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நஸீமா என் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தாள். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, அதனால் கூப்பிடவே இல்லை.

பின்னேரம் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்குப் பயம் வந்தது. உயிர் ஒன்று தப்பியது, சரி. அப்பாவுக்கு என்ன சொல்வேன்? மேசையை எடுத்திருப்பார், விரிப்பை மடித்திருப்பார், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். இத்தனை வருடமாகத் தலைநிமிர்ந்து நடந்த தெருவில் இனி எப்படி நடப்பார்?

படலைக்குக் கிட்ட வந்தபோது உள்ளே பேச்சுச் சத்தம். முற்றத்தில் ஆட்கள் இருந்தார்கள். காலையில் வந்தவர்களில் சிலர், புதிதாக வந்தவர்கள் சிலர். மேசை அப்படியே இருந்தது. கால் பெருவிரலில் அழுக்குத் துணி சுற்றிய ஒரு வயதானவர் அப்போதுதான் வந்து படியில் நின்று, "டொக்டரம்மா வந்துட்டாங்களா ஐயா?" என்று கேட்டார்.

அப்பா கதிரையைவிட்டு எழும்பினார்.

"டொக்டர் இல்லை" என்றார். "அது நான் ஊருக்குச் சொன்ன பொய். மகள் நேர்ஸ். புண்ணெண்டால் கழுவிக் கட்டுவா. மற்றதெல்லாத்துக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்லுவா. விருப்பமெண்டால் இருங்கோ."

வந்தவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா வேலியோரமாக வந்து என் கையைப் பிடித்தார். "காலமை தொடக்கம் வாற ஒவ்வொருத்தருக்கும் எழும்பி நிண்டு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தண்ணிகூடக் குடிக்கேல்லை" என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவினேன். அப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதையும் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன். பிறகு மேசையருகில் உட்கார்ந்து, "முதல் ஆளை வரச் சொல்லுங்கோ அப்பா" என்றேன்.